அனிமேஷன் படிக்க ஆசை, வீட்டில் ஆடிட்டர் ஆகச் சொல்கிறார்கள். என்ன செய்யட்டும்?

நகரும்கோடு

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 17 வயது, பள்ளிப் படிப்பின் கடைசி வருடம். அப்பா ஆடிட்டர். தாத்தா தொடங்கிய அலுவலகம், அப்பா அதைப் பெரிதாக்கினார், அடுத்து நான்தான் என்பது யாரும் என்னைக் கேட்காமலே முடிவான விஷயம். வீட்டுக்கு ஒரே பெண். கணக்கு எனக்கு வராது என்றில்லை, நன்றாகவே வரும். அதுதான் சிக்கலே, வராமல் இருந்திருந்தால் எப்போதோ விட்டிருப்பார்கள்.

எனக்கு வேண்டியது அனிமேஷன். ஒவ்வொரு ஃபிரேமாகக் கையால் வரைகிற பழைய வகை. நோட்டின் ஓரத்தில் குதிக்கும் பந்தை வரைந்து பக்கங்களை விரலால் சர்ரென்று விட்டுப் பார்ப்பதில் தொடங்கியது, இப்போது டேப்லெட்டில் வரைகிறேன். ஒரு பாட்டி நாற்காலியிலிருந்து எழுந்திருக்கிற இரண்டு மூன்று விநாடிக்காக வாரக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறேன். கையை ஊன்றும்போது தோள் முதலில் ஏறுகிறதா, தலை முதலில் குனிகிறதா என்று கண்ணாடி முன்னால் நானே எழுந்து எழுந்து பார்த்து வரைந்தது. வேறு எந்த வேலையிலும் எனக்கு இந்தப் பொறுமை கிடையாது.

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவர் கத்தவில்லை. "வரை, யார் வேண்டாம் என்றது? படிப்பை முடி, அலுவலகத்துக்கு வா, ஓய்வு நேரத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் வரைந்துகொள்" என்றார். திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன், இதற்கு என்ன சொல்வது என்றே தெரியவில்லை. அம்மா இரண்டு பக்கமும் பேசாமல் இருக்கிறார்.

விண்ணப்பம் போட வேண்டிய நேரம் நெருங்குகிறது. பிடிவாதம் பிடிப்பதா, அப்பா சொன்னபடி செய்துவிட்டு அப்புறம் பார்ப்பதா? வீட்டை விட்டுப் போய்விடு என்று மட்டும் யாரும் சொல்லாதீர்கள். அப்பாவை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

சிறகு

தயங்காதே தங்கச்சி! உன் வாழ்க்கையை நீதான் வாழப் போகிறாய், அப்பா இல்லை. இரண்டு விநாடிக்காக வாரக்கணக்கில் உட்காருகிற ஒருத்தியை ஓய்வு நேரத்தில் செய் என்று சொல்வது அவளைப் புரிந்துகொள்ளாமல் சொல்வது. இன்னொன்றும் தெரிந்துகொள். 1989-ல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவு, தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்ல 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு உரிமை உண்டு, வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அந்தக் கருத்துக்கு மதிப்புக் கொடுக்க வேண்டும் என்கிறது. உன்னைக் கேட்காமல் முடிவான விஷயம் என்று எழுதியிருக்கிறாய் பார், தப்பே அங்கேதான் இருக்கிறது.

வரவுசெலவு

சிறகு சொன்னது எழுச்சியாக இருக்கிறது, ஆனால் அந்தப் பிரிவு கருத்துக்கு மதிப்புக் கொடு என்கிறது, பிள்ளை சொன்னபடியே நடக்க வேண்டும் என்று சொல்லவில்லை. அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

அம்மா, நான் உன் அப்பா வயதுக்காரன், அதனால் கொஞ்சம் கசப்பாகவே சொல்கிறேன். ஆசையைத் துரத்தி ஜெயித்தவர்கள் கதைதான் நம் காதுக்கு வருகிறது. தோற்றவர்கள் பேட்டி கொடுப்பதில்லை. ஜெயித்தவர்கள் கதையிலும் பணம் எங்கிருந்து வந்தது என்ற பகுதியை யாரும் சொல்வதில்லை. ஓவியர் செசானை எடுத்துக்கொள். அப்பா வங்கிக்காரர், மகனைச் சட்டம் படிக்க வைத்தார். மகன் 1861-ல் பாரிஸுக்குப் போனார், சில மாதத்திலேயே மனம் உடைந்து திரும்பி வந்து அப்பாவின் வங்கியிலேயே வேலை பார்த்தார், மறுபடி 1862-ல் பாரிஸ் போனார். இவ்வளவுக்கும் செலவுக்குப் பணம் அனுப்பியது அதே அப்பாதான். அந்தப் பணம் இல்லாமல் அத்தனை வருடம் யாரும் வாங்காத படங்களை வரைந்துகொண்டிருக்க முடிந்திருக்குமா?

உன் அப்பா எதிரி இல்லை. அவர் கேட்பது ஒரே கேள்விதான்: நான் இல்லாத காலத்தில் இவள் எப்படிச் சமாளிப்பாள்? அதற்கு உன்னிடம் பதில் இருக்கிறதா என்று பார்.

நகரும்கோடு

பதில் இல்லை சார். நேர்மையாகச் சொல்கிறேன். எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவர் அதைச் சந்தேகிக்கவே இல்லை என்று இப்போதுதான் தோன்றுகிறது.

பென்சில்சீவி

அனிமேஷன் ஸ்டுடியோவில் வேலை பார்க்கிறேன், கையால் வரைகிற பிரிவில். அதனால் வேலை நாள் எப்படி இருக்கும் என்று மட்டும் சொல்கிறேன். பிடிக்கும், பிடிக்காது என்பதை அதற்கப்புறம் பேசலாம்.

ஒரு நடையை எடுத்துக்கொள். விநாடிக்கு 24 ஃபிரேம். சாதாரண நடையில் ஒரு காலடி எடுத்து வைக்க ஏறக்குறைய 12 ஃபிரேம், அதாவது அரை விநாடி. ஒரு படத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தினால் ஒரு காலடிக்கு ஆறு படம் வரைய வேண்டும். குதிகால் தரையைத் தொடும் நிலை, முழங்கால் மடங்கி உடம்பு கீழே இறங்கும் நிலை, பின்கால் முன்காலைக் கடக்கும் நிலை, உடம்பு மேலே எழும்பும் நிலை, இந்த நான்கும் சரியாக விழுந்தால்தான் நடப்பது போலத் தெரியும். தலையின் உயரம் ஏறி இறங்காமல் ஒரே கோட்டில் போனால் ஆள் நடக்க மாட்டான், வழுக்கிக்கொண்டு போவான். நீ வரைந்து கொடுப்பாய், மேலே இருப்பவர் ஓட்டிப் பார்த்துவிட்டு "எடையே இல்லை" என்பார், அதாவது அசைவில் உடம்பின் கனம் தெரியவில்லை என்று. எங்கே இல்லை என்று சொல்ல மாட்டார், சொல்லவும் நேரம் இருக்காது. மறுபடி வரைவாய். மூன்றாம் முறை சரியாக வந்தபோது அந்தக் காட்சியையே கதையிலிருந்து வெட்டியிருப்பார்கள்.

இன்னொன்று. சேர்ந்தவுடன் பாத்திரத்தின் முக்கிய நிலைகளை வரைய விட மாட்டார்கள். யாரோ வரைந்த இரண்டு நிலைகளுக்கு நடுவில் வரும் இடைப்படங்களைத்தான் வரையக் கொடுப்பார்கள். உன் பாணி, உன் கற்பனை எதுவும் அதில் தெரியக் கூடாது, தெரிந்தால் தப்பு. வேலையும் பல இடங்களில் ஒரு படம் முடியும்வரைக்கான ஒப்பந்தம்தான், அது முடிந்ததும் அடுத்ததைத் தேட வேண்டும்.

பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. பாட்டி நாற்காலியிலிருந்து எழுவதைக் கண்ணாடி முன்னால் எழுந்து பார்த்து வரைந்தேன் என்று எழுதினாய் பார், அதைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். யாரும் சொல்லித்தராமல் அதைச் செய்கிற பிள்ளைகள் குறைவு. ஆனால் மேலே சொன்ன நாளை நினைத்துப் பார்த்து, அதில் எந்தப் பகுதி உனக்கு வேண்டும் என்று உன்னையே கேட்டுக்கொள். அனிமேஷன் செய்பவள் என்று சொல்லிக்கொள்ளப் பிடித்திருக்கிறதா, அந்த ஆறு படத்தை வரையப் பிடித்திருக்கிறதா? முதலாவது மட்டும்தான் என்றால் அப்பாவின் அலுவலகமே மேல்.

நகரும்கோடு

வெட்டி எறிந்துவிடுவார்கள் என்று படித்ததும் கொஞ்சம் வயிற்றைக் கலக்கியது. ஆனால் "எடையே இல்லை" என்று சொல்ல ஒரு ஆள் இருப்பார் என்பதைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். இங்கே எனக்கு அதைச் சொல்ல யாரும் இல்லை. எல்லோரும் அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

மாலைநேரம்

நான் வீட்டுப் பேச்சைக் கேட்டவன். இசைதான் படிக்க நினைத்தேன், வீட்டில் சொன்னபடி பொறியியல் படித்தேன், இன்றைக்கும் அதே வேலை. இதை ஒரு சோகக் கதையாகச் சொல்லவில்லை. வேலை பிடித்துப்போனது, மாலையில் வாசிக்கிறேன், நிறைவாக இருக்கிறேன். அப்பாவின் யோசனையை எடுத்த எடுப்பில் தள்ளிவிடாதே என்பதற்காகச் சொல்கிறேன்.

உன் துறையிலேயே உதாரணம் இருக்கிறது. ஜப்பானிய அனிமேஷன் இயக்குநர் மியாசாகி ஹயாவோ கல்லூரியில் படித்தது அரசியலும் பொருளாதாரமும். 1963-ல் பட்டம் வாங்கிவிட்டுத்தான் டோயெய் ஸ்டுடியோவில் இடைப்படம் வரைபவராகச் சேர்ந்தார். அவரோடு சேர்ந்து உழைத்த தகஹாதா இசாவோ படித்தது பிரெஞ்சு இலக்கியம். அதே நாட்டுச் சித்திரக்கதைக் கலைஞர் டெசுகா ஒசாமு மருத்துவம் படித்துக்கொண்டே சித்திரக்கதை வரைந்தார், 1961-ல் மருத்துவத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர், அதே வருடம்தான் சொந்த அனிமேஷன் ஸ்டுடியோவும் தொடங்கினார். ஒரு பட்டம் கையில் இருப்பதால் கை வரைய மறந்துவிடாது.

பென்சில்சீவி

மாலைநேரம் அண்ணா, சொன்னது எல்லாம் சரி, ஆனால் ஒன்றை விட்டுவிட்டீர்கள். அந்தக் காலத்தில் ஸ்டுடியோவே ஆளெடுத்துப் பயிற்சி கொடுத்தது, பட்டம் எதுவானாலும் உள்ளே போய்க் கற்றுக்கொள்ள முடிந்தது. இன்றைக்கு நாங்கள் ஆளெடுக்கும்போது முதலில் பார்ப்பது போர்ட்ஃபோலியோ, அதாவது ஒருவர் தன் வேலையிலிருந்து தேர்ந்தெடுத்துக் காட்டும் தொகுப்பு. அதைத் தயார் செய்ய நேரம் வேண்டும், திருத்த ஆள் வேண்டும். ஆடிட்டர் படிப்பு சும்மா கல்லூரிக்குப் போய் வருகிற படிப்பா? பரீட்சை, பயிற்சிக் காலம், மறுபடி பரீட்சை. அதில் ஓய்வு நேரம் எங்கே மிஞ்சும்? இசையை மாலையில் வாசித்து நிறைவடைய முடியும், ஏனென்றால் வாசித்த அன்றே அது முழுசாகக் கிடைக்கிறது. ஒரு நிமிட அனிமேஷன் அப்படியில்லை, 24 ஃபிரேமை 60-ஆல் பெருக்கிப் பாருங்கள்.

மனநூல்

உளவியல் படித்தவள், வளரிளம் பருவப் பிள்ளைகளோடு வேலை செய்கிறேன். இந்த இழையில் ஒன்று விட்டுப்போவது போலத் தெரிகிறது.

ஜேம்ஸ் மார்சியா என்ற உளவியலாளர் 1966-ல் ஒரு பிரிவினை சொன்னார். ஒரு இளைஞர் தான் யார் என்று முடிவு செய்வதில் இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும்: தேடிப் பார்த்தாரா, ஒன்றில் உறுதியாக நின்றாரா. தேடாமலே, பெரியவர்கள் கொடுத்ததை அப்படியே எடுத்துக்கொண்டு உறுதியாக நிற்பது ஒரு வகை. அப்பாவின் அலுவலகத்துக்குக் கேள்வி கேட்காமல் போவது அதில் வரும், இது எல்லோரும் சொல்வதுதான். ஆனால் ஒரு ஆசையைப் பிடித்துக்கொண்டு வேறு எதையும் எட்டிப் பார்க்காமல் நிற்பதும் தேடாமல் நிற்பதுதானே? வீட்டில் எதிர்ப்பு வந்தால் பிள்ளைகள் பலரும் இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொள்கிறார்கள். ஆசையைக் காப்பாற்றவே நேரம் போய்விடுகிறது, அதைச் சோதித்துப் பார்க்க நேரமில்லாமல் போகிறது.

ராபர்ட் வாலராண்டும் சக ஆய்வாளர்களும் 2003-ல் வெளியிட்ட ஆய்வு ஆர்வத்தை இரண்டு விதமாகப் பிரிக்கிறது. ஒன்று மற்ற வாழ்க்கையோடு ஒத்துப்போகும், வேண்டும்போது எடுக்கலாம், வேண்டும்போது வைக்கலாம். இன்னொன்று ஆளை ஆட்டிப்படைக்கும், செய்யாவிட்டால் தான் ஒன்றுமே இல்லை என்று தோன்ற வைக்கும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும், இரண்டு பேருமே ராத்திரி கண்விழித்து வரைவார்கள். ஒரு கேள்வி கேட்கிறேன், இங்கே பதில் எழுத வேண்டாம், மனசுக்குள் சொல்லிக்கொள். ஒரு மாதம் வரைய முடியாமல் போனால் உனக்கு வருத்தமாக இருக்குமா, இல்லை உன் மேலேயே வெறுப்பு வருமா?

"இரண்டு வருடத்தில் ஆசை மாறிவிடும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். மாறலாம்தான். ஆனால் 2013-ல் க்வாய்ட்பாக், கில்பர்ட், வில்சன் மூவரும் வெளியிட்ட ஆய்வில், 18 வயதுக்காரரிலிருந்து 68 வயதுக்காரர்வரை எல்லோருமே இனிமேல் தாங்கள் பெரிதாக மாற மாட்டோம் என்றுதான் நினைத்தார்கள். பின்னால் திரும்பிப் பார்த்தால் ரொம்ப மாறியிருப்பதாகவும் சொன்னார்கள். ஆக இந்தக் குறை பிள்ளைக்கு மட்டும் உரியதில்லை. இன்றைக்கு முடியாது என்கிற அப்பாவும் மாறக் கூடியவர்தான்.

இருமகன்தாய்

நான் இந்தப் பக்கம் இருப்பவள், அதாவது பெற்றோர் பக்கம். என் மூத்தவன் விளையாட்டுதான் வேண்டும் என்று நின்றபோது எங்கள் வீட்டில் நடந்த சண்டையை எழுதினால் இந்த இழை பத்தாது. அதனால் ஒன்றே ஒன்று சொல்கிறேன்.

பிள்ளை வந்து "எனக்கு இது பிடிக்கும்" என்று சொல்லும்போது எங்களுக்குக் கேட்பது "நீங்கள் வாழ்ந்த வாழ்க்கை எனக்கு வேண்டாம்" என்பதுதான். அப்படி நீ சொல்லவில்லை, தெரியும். ஆனால் உன் தாத்தாவும் அப்பாவும் கட்டியதை ஒரே மூச்சில் வேண்டாம் என்று சொன்னதாகத்தான் அவருக்கு விழுந்திருக்கும். "ஓய்வு நேரத்தில் வரை" என்று அவர் சொன்னது உன் கலையை மட்டம் தட்டுவதற்காக இருக்காது. இரண்டும் கைவிட்டுப் போகாமல் இருக்க அவருக்குத் தெரிந்த ஒரே வழி அது.

அப்பாவின் வேலையைப் பற்றி அவரிடம் என்றைக்காவது கேட்டிருக்கிறாயா? வேலை எப்படிப் போகிறது என்ற உபசாரக் கேள்வியைச் சொல்லவில்லை. இதில் உங்களுக்கு என்ன பிடிக்கும், எப்போது சலிக்கும், தாத்தா சொன்னதற்காக வந்தீர்களா, நீங்களே விரும்பி வந்தீர்களா என்று கேள். வாதத்தில் ஜெயிப்பதற்காகக் கேட்காதே, தெரிந்துகொள்ளக் கேள்.

அம்மா பேசாமல் இருக்கிறார் என்று எழுதினாய். பேசாமல் இருப்பது எதிர்ப்பு என்று எடுத்துக்கொள்ளாதே. எங்களில் பலர் கதவு சாத்திக்கொள்ளக் கூடாது என்றுதான் வாயை மூடிக்கொண்டிருக்கிறோம்.

ஏட்டுப்புழு

படித்துக்கொண்டே வந்தேன், இதே நிலைமை அச்சு அசலாக ஒரு வீட்டில் நடந்திருக்கிறது. சார்லஸ் டார்வின் வீடு.

அப்பா மருத்துவர், மகனும் மருத்துவராக வேண்டும் என்று 1825-ல் எடின்பரோவுக்கு அனுப்பினார். மயக்க மருந்து இல்லாத காலம், ஒரு குழந்தைக்கு நடந்த அறுவையைப் பார்க்க முடியாமல் பையன் ஓடி வந்துவிட்டான். சரி, பாதிரியாராவது ஆகட்டும் என்று கேம்பிரிட்ஜுக்கு அனுப்பினார். அங்கே அவன் வண்டு பிடித்துக்கொண்டு திரிந்தான். 1831-ல் நீண்ட ஆய்வுப் பயணம் கிளம்பிய பீகிள் கப்பலில் போக அழைப்பு வந்தது, அப்பா முடியாது என்றுவிட்டார். மகன் முதலில் வர முடியாதென்று கடிதமும் எழுதிவிட்டான். ஆனால் அப்பா ஒரு சின்ன வாசலைத் திறந்து வைத்திருந்தார்: விவரமுள்ள ஒரே ஒரு ஆளாவது போகலாம் என்று சொன்னால் சம்மதிக்கிறேன் என்றிருந்தார்.

அதற்கப்புறம் நடந்ததைத்தான் இந்தப் பெண் கவனிக்க வேண்டும். டார்வின் தன் ஆசையை விவரித்து அப்பாவுக்குப் பக்கம் பக்கமாக எழுதவில்லை. மாமா ஜோசயா வெட்ஜ்வுட் வீட்டுக்குப் போய், அப்பாவின் ஆட்சேபங்களை ஒரு தாளில் எழுதினார். எட்டு ஆட்சேபம். பின்னால் பாதிரியாராகப் போகிறவனுக்கு இது மதிப்பாக இருக்காது, கிறுக்குத்தனமான திட்டம், வேறு பலரிடம் கேட்டு அவர்கள் மறுத்த பிறகே இவனிடம் வந்திருப்பார்கள், இனி ஒரு இடத்தில் நிலைத்து வாழ மாட்டான், கப்பலில் வசதி இருக்காது, மறுபடி தொழிலை மாற்றுவதாகும், பயனற்ற வேலை, இப்படிப் போகிறது. மாமா ஒவ்வொன்றுக்கும் நிதானமாகப் பதில் எழுதினார், 1831 ஆகஸ்ட் 31 தேதியிட்ட கடிதம் இன்றும் இருக்கிறது. அப்பா சம்மதித்ததோடு நிற்காமல் செலவையும் ஏற்றுக்கொண்டார்.

இசையமைப்பாளர் ஷூமானும் இப்படித்தான். அம்மா சட்டம் படிக்கச் சொன்னார். 1830-ல், 20 வயதில், அவர் அம்மாவுக்கு எழுதிய கடிதத்தில், பியானோ ஆசிரியர் வீக் என்பவருக்கு நீங்களே எழுதிக் கேளுங்கள், அவர் என்ன சொன்னாலும் சரி என்றார். அம்மா எழுதினார். மூன்று வருடத்தில் பெரிய பியானோ கலைஞனாக்கிக் காட்டுகிறேன், ஆனால் ஒழுங்காக தினமும் பயில வேண்டும், இசை இலக்கணமும் படிக்க வேண்டும், பையனுக்கு அந்தப் பொறுமை இருக்குமா என்பதுதான் என் சந்தேகம் என்று பதில் வந்தது. பிறகு கையில் கோளாறு வந்து ஷூமானால் பியானோ கலைஞராக முடியவில்லை, இசையமைப்பாளரானார். நினைத்த கதவு சாத்திக்கொண்டாலும் அதே வீட்டில் வேறு கதவு இருந்தது.

அப்பாவின் ஆட்சேபங்களை எழுது. உன் வார்த்தையில் எழுதாதே, அவர் வார்த்தையில் எழுது.

வரவுசெலவு

ஏட்டுப்புழு சொன்னதை நான் முழுமனதாக ஏற்கிறேன். ஆட்சேபத்தை எதிராளியின் வார்த்தையில் எழுதத் தெரிந்தவளிடம் எந்த அப்பாவும் உட்கார்ந்து பேசுவார்.

நகரும்கோடு

எழுதிவிட்டேன். அப்பாவிடமே போய், நீங்கள் ஏன் வேண்டாம் என்கிறீர்கள், நான் எழுதிக்கொள்கிறேன், பதிலே பேச மாட்டேன் என்று சொன்னேன். முதலில் ஒரு மாதிரி பார்த்தார். அப்புறம் நோட்டை என் கையிலிருந்து வாங்கி, எண் போட்டு அவரே எழுதித் தந்தார். ஆடிட்டர் இல்லையா. அப்படியே போடுகிறேன்:

"நிலையான வருமானம் இருக்கிறதா என்று தெரியவில்லை. உன் படத்தைப் பாராட்டியவர்கள் எல்லோரும் உன் சிநேகிதர்கள், தொழில் தெரிந்த ஒருவர்கூடப் பார்க்கவில்லை. செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, நீ படித்து முடிக்கும்போது இயந்திரமே வரைந்துவிடும். பாதியில் அலுத்துவிட்டால் திரும்பி வர வழியில்லை. நீ கணக்கில் கெட்டிக்காரி, அது வீணாகும். அலுவலகத்தில் இத்தனை பேர் என்னை நம்பி இருக்கிறார்கள், எனக்குப் பிறகு யார்?"

கடைசி வரியை எழுதும்போது பேனாவை நிறுத்தி நிறுத்தி எழுதினார். அதைப் படித்ததிலிருந்து எனக்கு வாதாடவே மனசு வரவில்லை.

இருமகன்தாய்

கண்ணு, கடைசி வரிக்கு நீ பதில் எழுத வேண்டாம்.

முதல் ஐந்தும் உன்னைப் பற்றியவை. அவற்றுக்குப் பதில் சொல்வது உன் கடமை. ஆறாவது அலுவலகத்தைப் பற்றியது. அது நியாயமான கவலை, பெரிய கவலை, ஆனால் உன் கவலை இல்லை. கூட்டாளியைச் சேர்க்கலாம், உள்ளே இருக்கும் திறமையான ஒருவரை வளர்த்து ஒப்படைக்கலாம், வேறு அலுவலகத்தோடு இணைக்கலாம். அதையெல்லாம் அவர் யோசிக்காமல் இருப்பதற்குக் காரணமே நீ இருக்கிறாய் என்ற நம்பிக்கைதான். 17 வயதுப் பிள்ளையின் படிப்பும் ஒரு அலுவலகத்தின் எதிர்காலமும் ஒரே கேள்வியாகக் கட்டிக் கிடக்கும்வரை இரண்டுக்குமே நல்ல பதில் வராது. இதை நீ சொன்னால் அடம் என்று படலாம். அம்மாவிடம் சொல்லச் சொல். அவருக்குப் பேச ஒரு இடம் இதுதான்.

பென்சில்சீவி

மூன்றாவதுக்கு நான் உதவுகிறேன். இயந்திரம் வராது, பயப்படாதே என்று சொல்ல மாட்டேன், வந்துகொண்டிருக்கிறது. 2024-ல் அமெரிக்காவின் அனிமேஷன் தொழிற்சங்கம் ஸ்டுடியோக்களோடு நடத்திய ஊதியப் பேச்சில் முக்கியமான சண்டையே இதைப் பற்றித்தான். என் கணிப்பில் இடைப்படம் வரையும் வேலைதான் முதலில் அடிபடும், அதாவது புதிதாக வருகிறவர்கள் கால் ஊன்றும் படி. உன் அப்பா சொல்வதில் விஷயம் இருக்கிறது, ஒத்துக்கொள். ஆனால் அதே கேள்வியைக் கணக்கு வேலைக்கும் அவரே கேட்டுப் பார்க்கட்டும். பதிவுகளை ஒப்பிடுவது, வகை பிரிப்பது எல்லாம் அங்கேயும் மென்பொருளுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. எங்கும் ஒளிய இடமில்லை என்றால், எந்த வேலையில் நீ சலிக்காமல் மறுபடி மறுபடி கற்றுக்கொள்வாய் என்பதும் கணக்கில் வர வேண்டும்.

இரண்டாவது ஆட்சேபம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. தொழில் தெரிந்தவர் பார்க்கவில்லை என்பது நூற்றுக்கு நூறு உண்மை, அதைச் சரிசெய்வதும் சுலபம். உன்னைத் தெரியாத, உன் மேல் பாசமில்லாத ஒருவரிடம் காட்டு.

சிறகு

எல்லாம் சரி, ஆனால் இத்தனை பதில், இத்தனை நிரூபணம் எல்லாம் பிள்ளையிடம் மட்டும் ஏன் கேட்கிறோம்? ஆடிட்டர் படிப்புக்குப் போகிறேன் என்றால் நிரூபி என்று யாராவது கேட்டிருப்பார்களா? பரிசோதனை இரண்டு பக்கமும் நடக்க வேண்டும். பிரெஞ்சுக் கணித மேதை சோஃபி ஜெர்மேன் சிறு வயதில் கணிதம் படித்தபோது, வேண்டாம் என்று வீட்டில் இரவில் மெழுகுவர்த்தியையும் கணப்பையும் எடுத்துவிட்டார்கள், அவர் ஒளித்து வைத்த மெழுகுவர்த்தியில், மை உறைந்துபோன குளிரில், போர்வை சுற்றிக்கொண்டு படித்ததாக அவர் வரலாறு சொல்கிறது. கடைசியில் அப்பாதான் அவர் செலவைப் பார்த்துக்கொண்டார். பெற்றோர் மாறுகிறார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிள்ளை குளிரில் உட்கார்ந்து நிரூபித்த பிறகுதான் மாற வேண்டுமா?

வரவுசெலவு

நியாயமான கேள்வி. கேட்கக் கூடாதுதான். ஆனால் இந்த அப்பா மெழுகுவர்த்தியை எடுக்கவில்லையே, நோட்டை வாங்கி எழுதிக் கொடுத்திருக்கிறார். அப்படிப்பட்டவருக்கு நிரூபிக்கக் கொஞ்சம் உழைக்கலாம்.

நகரும்கோடு

நேற்று உட்கார்ந்து பேசினோம். சம்மதம் கிடைத்துவிட்டது என்று எழுத ஆசை, கிடைக்கவில்லை. ஆனால் நிறைய நடந்தது.

இரண்டு படிப்புக்கும் விண்ணப்பிக்கிறேன், அதில் சண்டை இல்லை. அனிமேஷன் படிப்பில் இடம் கிடைத்தால், முதல் வருடம் முடிந்ததும் எனக்குச் சொல்லிக்கொடுப்பவர் எழுதிக் கொடுப்பதை அப்பா படிப்பார். புகழ்ச்சி வேண்டாம், குறைகளை எழுதச் சொல் என்றார். அந்த ஒரு வருடச் செலவை ஏற்கலாமா என்று இன்னும் யோசிக்கிறார். அலுத்துவிட்டால் திரும்பி வர வழியில்லை என்று அவர் எழுதியதற்கு, ஒரு வருடம் தாமதமாகத் தொடங்கினால் அந்தப் படிப்பில் என்ன கெட்டுவிடும் என்று அவரிடமே கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்து, ஒன்றும் கெடாது என்றார். ஒரு ஒப்பந்த வேலைக்காரருக்குக் கணக்கு எப்படி எழுத வேண்டும், வரி எப்படி, முன்பணம் வாங்காமல் ஏன் தொடங்கக் கூடாது என்பதை எல்லாம் விடுமுறையில் என்னிடம் கற்றுக்கொள், அப்போது உன் கணக்கும் வீணாகாது என்றார். அது நிபந்தனையா, பரிசா என்று தெரியவில்லை. கற்றுக்கொள்ளத்தான் போகிறேன்.

அவர் வேலையைப் பற்றியும் கேட்டேன். தாத்தா சொல்லி வந்தவர்தான். ஆனால் வந்த பிறகு பிடித்துவிட்டது, குழம்பிக் கிடக்கும் கணக்கு ஒரு இடத்தில் பிடிபடும்போது வருகிற சந்தோஷத்துக்கு ஈடே இல்லை என்றார். அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

அலுவலகம் பற்றி அம்மா பேசினார். அதில் அப்பா எழுந்து போய்விட்டார். அது இன்னும் அப்படியே இருக்கிறது.

இப்போது எனக்குப் போர்ட்ஃபோலியோவுக்கு உதவி வேண்டும். எதை வைப்பது, எதை எடுப்பது?

மனநூல்

அப்பா எழுந்து போனதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ளாதே. அந்தக் கேள்விக்கு அவருக்கு நேரம் வேண்டும், அதை நீ திரும்பக் கிளறாமல் விடு.

பென்சில்சீவி

சரி, வேலைக்கு வருவோம். மற்றவர்களின் பாத்திரங்களைப் பார்த்து வரைந்தவை எல்லாவற்றையும் எடுத்துவிடு, எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. ஆளைப் பார்த்து வரைந்தவை நிறைய வேண்டும்: வரிசையில் நிற்பவர்கள், தூங்குபவர்கள், குழந்தையைத் தூக்குபவர்கள், அரை நிமிடத்தில் கிறுக்கியவையாக இருந்தால் இன்னும் நல்லது. கை, கால் பாதம் தனியாகக் கொஞ்சம், பெரும்பாலானோர் அதை மறைக்கத்தான் பார்ப்பார்கள், அதனால் தேடிப் பார்ப்போம். அசைவில் நடை ஒன்று, எடை தூக்குவது ஒன்று போதும். வண்ணம் தீட்டாதே, பென்சில் கோட்டிலேயே விடு, கோடு சுத்தமாக இருக்கிறதா என்று யாரும் பார்க்கப் போவதில்லை, எடை இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். ஒரே அசைவின் முதல் முயற்சியையும் திருத்தியதையும் பக்கத்தில் பக்கத்தில் வை.

நடையை முதலில் இங்கே போடு. பார்த்துவிட்டு எங்கே எடை இல்லை என்று இடத்தோடு சொல்கிறேன்.